அத்தான் வளர்த்த உடம்பு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அக்கா வீட்டுக் கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அக்கா அதில் தலைவாரி நான் பார்த்ததில்லை. காலையும் மாலையும் அத்தான்தான் அதன் முன்னால் ஜட்டியோடு நின்று, மூச்சை அடக்கி, நெஞ்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். எண்பதுகளின் தொடக்கத்தில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் அவர்களோடு தங்கியிருந்தேன். பின்கட்டுக்குப் போக அந்தக் கூடத்தைத்தான் தாண்டியாக வேண்டும். "எப்படி இருக்கு லா?" என்று என்னிடமே கேட்பார். "துணி காயப்போடணும், நகருங்க அத்தான்" என்பேன். பொறாமையில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

அவருக்கு ரயில்வே பட்டறையில் வேலை. ஆனால் தான் பிறந்தது ஆணழகன் பட்டம் வாங்கத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் கோழி வாங்கினால் நெஞ்சுக்கறி அவருக்கு, எலும்பு எங்களுக்கு. முட்டையில் வெள்ளை அவருக்கு, மஞ்சள் எங்களுக்கு. ஒரு குடும்பமே சேர்ந்து ஒரு மனிதனின் தோள்பட்டைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது.

அக்கா நகரத்தில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். மணி மாதிரி குரல். அந்தக் குரலுக்குத்தான் அந்த வேலையே கிடைத்தது. கழுத்தில் கட்டி வந்து, தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டிருந்தார்கள். அது செய்ய வேண்டிய வேலையை ஒரு சிறிய வெள்ளை மாத்திரை செய்தது. ஆயுளுக்கும் தினமும் விழுங்க வேண்டும், விட்டால் உடம்பு மெல்ல அணைந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் பல மாதங்களுக்குச் சேர்த்துத் தரும் அந்த மாத்திரைகளை மோட்டார் சைக்கிளில் போய் வாங்கிவருவது அத்தான். மனைவிக்காக அவர் செய்த ஒரே காரியம் அது. அதையும் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

கிள்ளானில் ஒரு போட்டி அறிவித்தார்கள். அத்தானின் உணவுக் கட்டுப்பாடு உச்சத்துக்குப் போனது. சோறு நின்றது. தேநீரில் சீனிக்குப் பதில் சின்ன வெள்ளைச் சாக்கரின் வில்லைகளைப் போட்டுக் குடித்தார். உடம்பு மளமளவென்று இளைத்தது. எந்நேரமும் வியர்வை, கை நடுக்கம், எரிச்சல். "கொழுப்பு எரியுது, அதான்" என்று பெருமையாகச் சொன்னார்.

அதே நாட்களில் அக்கா வீங்கத் தொடங்கினாள். முகம் உப்பியது. அந்த வெக்கையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். பேருந்திலேயே தூங்கிப்போனாள். குரல் கட்டி, பேச்சு இழுத்தது. "எருமை மாதிரி ஆயிட்டா பாரு. வாயைக் கட்டத் தெரியல" என்று அத்தான் எல்லோர் முன்னும் சிரித்தார். ஒருநாள் அவள், "என்னங்க, மாத்திரை இப்பல்லாம் இனிக்குது" என்றாள். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. "கவர்மென்ட் மருந்து லா, கம்பெனி மாத்திட்டான்." அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரையின் நிறமும் உருவமும் மாறுவது எங்களுக்குப் பழக்கம்தான். நம்பினோம். குரல் இப்படி இருந்தால் போன் எடுக்க முடியாது என்று கம்பெனியில் அவளை நிறுத்திவிட்டார்கள்.

போட்டியன்று கிள்ளான் மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எண்ணெய் பூசிக்கொண்டு மேடையேறிய அத்தானுக்கு, அத்தனை வருடம் நாங்கள் தீனி போட்டு வளர்த்த தசை பாதியாகியிருந்தது. தொடை வெடவெடத்தது. கையை மடக்கிப் புஜத்தைக் காட்டியவர் அப்படியே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் இதயம் கண்டபடி துடிப்பதாகச் சொன்னார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்ட தமிழ் டாக்டரிடம், "வைட்டமின்தான் டாக்டர்" என்றார் அத்தான். டாக்டரின் கண் அக்காவின் கழுத்துத் தழும்பில் போய் நின்றது. பிறகு அவளுடைய ஸ்வெட்டரில். "உங்க மாத்திரையைக் காட்டுங்கம்மா." கைப்பையிலிருந்த புட்டியை வாங்கி, ஒன்றை நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

"இது சாக்கரின்."

கொழுப்பைக் கரைக்கும் என்று ஜிம்மில் யாரோ சொன்னதைக் கேட்டு, அத்தான் அக்காவின் மாத்திரைகளைக் கை நிறைய அள்ளி விழுங்கியிருக்கிறார். புட்டியில் மாத்திரை குறைந்தது தெரியாமலிருக்க, சாக்கரினைப் போட்டு நிரப்பி வைத்திருக்கிறார். "அந்த மருந்துக்குக் கொழுப்பு எது, தசை எதுன்னு தெரியாது. இதயமும் தசைதான்" என்றார் டாக்டர். "இவங்களும் இன்னும் கொஞ்ச நாள்ல மயங்கி விழுந்திருப்பாங்க. நீங்க பொழைச்சிருப்பீங்களோ என்னவோ, இவங்க பொழைச்சிருக்க மாட்டாங்க."

அத்தான் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "அவ போன்தானே எடுத்துக்கிட்டிருந்தா. எனக்குப் போட்டி லா."

மனிதர்களை வெறுப்பது பாவம் என்பார்கள். அந்தப் பாவத்தை நான் அன்று மனதாரச் செய்தேன், இன்றுவரை செய்துவருகிறேன். அக்கா உடம்பு தேறியது. குரல் முழுதாகத் திரும்பவில்லை, வேலையும் திரும்பவில்லை. அவரை விட்டு வா என்றேன். வரவில்லை. அவள் அதைப் பற்றி யாரிடமும் வாயே திறக்கவில்லை.

போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் அத்தான், சுபாங் ஜெயாவிலிருந்து வந்திருந்த ஜிம் பையன்களிடம் தன் பழைய படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். தொப்பை மேசையில் இடித்தது. "எங்க காலத்துல மருந்து மாத்திரை ஒண்ணும் கிடையாது தம்பி. எல்லாம் முட்டையும் கோழியும்தான்."

பக்கத்தில் இருந்த அக்கா கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தாள். கரகரத்த குரலில், அவசரமே இல்லாமல் சொன்னாள்:

"என் மாத்திரையைத் தின்னாரு தம்பி. என் குரலையும் சேர்த்து."