மொதல்ல வார்த்தை, அப்புறம் சங்கதி

"ஒரு கட்டைய இழுத்துப் போடு" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, முடி வெட்டிக்கொள்ள வந்தவள் விழிப்பதைக் கண்ணாடியில் ரசிப்பாள் ஒடெட். பிறகுதான் ஆங்கிலத்தில் அவிழ்ப்பாள். வீட்டில் நாற்காலி இல்லாத அந்தக் காலத்தில் விருந்தாளிக்கு விறகுக்கட்டைதான் இருக்கை. "உட்காரு, நீ நம்ம வீட்டு ஆள்" என்று பொருள்.

கனடாவில் பிரெஞ்சு பேசும் மொன்றியாலின் வெர்தன் பகுதியில் இருக்கிறது அவளுடைய சலூன். தெருவில் பாதிப் பேர் இப்போது இங்கிலீஷ்காரர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது எதையாவது கொண்டுவந்து அர்த்தம் கேட்பார்கள். "தொப்பியக் கட்டிக்கோ" என்றால், பெரிதாக ஏதோ வரப்போகிறது, தயாராக இரு. மூக்கு உறையும் குளிரில் "சூடா இல்ல" என்றால், வெளியே தலைகாட்டாதே. ஒடெட்டுக்கு ஒரு முறை உண்டு: "மொதல்ல வார்த்தை, அப்புறம் சங்கதி." இரண்டுக்கும் நடுவே கத்தரி இரண்டு வெட்டு வெட்டும். அந்த இடைவெளிதான் அவளுக்கு ருசி. "எங்க மொழில பாதிய ஏற்கெனவே எடுத்துட்டுப் போயிட்டீங்க. மீதிய நானே தர்றேன்" என்பாள், கழுத்தை நிமிர்த்தி.

மகன் யானிக் கட்டிக்கொள்ளப்போகும் ஹெதர், இங்கிலீஷ் பேசும் கால்கரிக்காரி. அவளையும் முதல் நாள் அதே கட்டையைச் சொல்லி, அர்த்தமும் சொல்லித்தான் உட்காரவைத்தாள். போன ஞாயிறு மதியம் ஹெதர் தன் கையாலேயே தூர்த்தியேர் செய்து கொண்டுவந்தாள். மாவுக்குள் பன்றிக்கறியும் கிராம்பும் அடைத்துச் சுட்டது. அந்த வீட்டில் அது ஒடெட்டின் கணவர் நோர்மானுடைய அம்மாவின் கைப்பக்குவம். ஒடெட்டே பல வருஷம் அதைத் தொடத் துணியவில்லை. நோர்மான் என்ன சொல்வாரோ என்று, மேசையின் மறுகோடியில் ஹெதர் சாப்பிடாமல் காத்திருந்தாள்.

நோர்மான் மென்றார், விழுங்கினார். "பா பீர்," என்றார்.

ஹெதர் ஒடெட்டைப் பார்த்தாள். "இன்னும் மோசமாப் போகலையாம்," என்றாள் ஒடெட் ஆங்கிலத்தில். பழக்கதோஷம், அங்கே நிறுத்தினாள். கத்தரி இல்லாத கை ரொட்டியில் இரண்டு துண்டு வெட்டியது. நிமிர்ந்து பார்த்தால் ஹெதரைக் காணோம். சமையலறைக் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம்.

"நான் என்னத்தத் தப்பா சொன்னேன்?" என்றார் நோர்மான், நிஜமாகவே புரியாமல்.

தங்கள் கல்யாணத்தன்று ஒடெட்டைப் பார்த்தும் அவர் அதைத்தான் சொன்னார். அவர் பிறந்த ஊரில் அதற்குமேல் புகழ்ச்சி கிடையாது. சமையலறைக்குப் போய் ஒடெட் அதையெல்லாம் சொன்னாள். ஹெதர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க, ஒடெட்."

ஒடெட் அர்த்தம் சொல்லி ஒருவர் நம்பாமல் போனது அதுதான் முதல் தடவை.

இருவரும் திரும்பியபோது நோர்மான் தூர்த்தியேரின் மூன்றாவது துண்டில் இருந்தார். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, பிரெஞ்சில், "ஒரு கட்டைய இழுத்துப் போடு, மகளே," என்றார்.

ஒடெட் அர்த்தம் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ஹெதர் மறுகோடியிலிருந்த தன் நாற்காலியை இழுத்துவந்து, நோர்மானை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒடெட் திறந்த வாயை மூடிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, ரொட்டிக் கத்தியை எடுத்தாள்.