மிதித்தால் வரும் அதிர்வு

பெரம்பலூரில் நான் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார், போன வாரம் அரியலூர் சாலையில் இருக்கைக்கு அடியில் கிடுகிடுவென்று அதிர்ந்தது. சற்று நேரத்தில் அதிர்வு தானாக நின்றுவிட்டது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்தபோது வரவேயில்லை.

அந்த நடுக்கம் எனக்குப் பழக்கமானது. அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அவர் லாரியும் இப்படித்தான் திடீர் திடீரென்று அதிர்ந்தது. பட்டறையில் சக்கரங்களை மாற்றிப் போட்டும் தீரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அதில் ஜெயங்கொண்டம் கூட்டிப் போனார். டீசல் நெடியும் சூடேறிய ரெக்சின் வாடையும் நிறைந்த கேபினில் அம்மா அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஸ்டீயரிங்கைத் தொட்டே அறியாதவள்.

"ஏங்க, மிதிச்சா ஆடுது, காலை எடுத்தா நின்னுடுது. சக்கரம்னா ரெண்டுலயும் ஆடணுமில்ல?" என்றாள்.

அப்பா ஆக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் பார்த்தார். லாரியை ஓரங்கட்டி அடியில் புகுந்தார். எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாப்டின் இணைப்பு, கிராஸ் என்பார்கள், கையால் தொட்டதுமே ஆடியது.

"லோடோட போறப்ப இது வுட்டிருந்தா நான் வூடு வந்திருக்க மாட்டேன்டி" என்றார். அதன்பிறகு லாரியில் புதிதாக என்ன சத்தம் கேட்டாலும், பட்டறைக்கு முன் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போவார்.

இன்று காலை நானும் மிதித்தும் விட்டும் பார்த்தேன்; மிதித்தபோது மட்டும் அதிர்ந்தது. கிராஸைக் கழற்றச் சொன்னேன். தேய்ந்திருந்தது.

"எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்றார் மெக்கானிக்.

"நான் இல்லீங்க. எங்கம்மா, முப்பது வருசத்துக்கு முன்னாடி."