பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாள்

பிள்ளையாரை நம்பியிருக்கும் அடியவர்களுக்கு, என் வெட்கத்தையும் மறைக்காமல் இதை எழுதுகிறேன்.

1990 சித்திரையில் என் கணவரைப் பாரிசவாதம் விழுத்தியது. அவருக்கு வயது முப்பத்தெட்டு. எங்கள் மகளுக்கு இரண்டு. ஆசுபத்திரியிலிருந்து மருதனார்மடத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவரால் தனியாக நிற்க முடியவில்லை. நிறுத்தினால் இடப்பக்கம் சரிவார். அப்படியொரு பக்கம் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. சோற்றுக் கோப்பையின் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடும்" என்பார். இனி நடக்கவே மாட்டாரோ என்று அழுதேன்.

உடற்பயிற்சி கொடுக்க வதனா என்பவள் யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் வந்தாள். அவரைச் சுவர் மூலையில் நிறுத்தி, முன்னால் கதிரை ஒன்றைப் போட்டு, கையை எடுக்கச் சொல்வாள். பிறகு இடப்பக்கம் போய் நின்று, "கணேசன், இஞ்சாலை பாருங்கோ" என்பாள். விழாமல் திரும்புவதுதான் பயிற்சி. அவர் திரும்புவார்.

எனக்கு நெஞ்சு எரியும். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அந்தப் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் கணவனின் ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தவர். பிள்ளையாரின் பெயரும் அதுவே என்பதால் கோயிலில்கூட 'கணேசா' என்று வாய் திறந்ததில்லை. அவளோ என் வீட்டு விறாந்தையில் நின்று, சந்தையில் ஆளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்.

நான் ஓடிப்போய் அவரை இறுகப் பிடிப்பேன்.

"விடும் தங்கச்சி. இப்ப நிக்கிறது நீர். அவர் நிக்கேல்லை," என்றாள் வதனா ஒருநாள்.

அதற்கு அவரும் சிரித்தார். வதனா வரும் நாட்களில் விடியவே சவரம் செய்துவிடச் சொல்வார். மற்ற நாட்களில் நான் கேட்டால், "நாளைக்குப் பாப்பம்."

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று கேட்டேன்: இவர் நடக்க வேண்டும், ஆனால் அவள் வரக்கூடாது.

ஆனியில் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. வதனாவால் வர முடியவில்லை. சண்டை என் வேண்டுதலால் வந்தது என்று நினைக்கும் அளவுக்கு நான் மடைச்சி இல்லை. ஆனாலும் அவள் வராத முதல் நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு கிழமையில் அவர் பின்னடைந்தார். நான் இடப்பக்கம் நின்று "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டால் வலப்பக்கம் தேடுவார். இரண்டு தரம் விழுந்தார். புருவம் வெடித்தது.

"அவ என்ரை பேரைச் சொன்னால் விளங்கும். நீர் எங்கையிருந்து கூப்பிடுறீர் எண்டு தெரியேல்லை," என்றார். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

அன்று சாமிப் படத்தின் முன்னே முழங்காலில் விழுந்தேன். "அவளே வரட்டும். எத்தனை தரமும் பேர் சொல்லட்டும். இவர் நடந்தால் போதும்." சொல்லும்போதும் பொறாமை போகவில்லை. அதோடுதான் கேட்டேன்.

அவள் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது. மூலையில் பயிற்சிக்கு நின்றவர் பதறிக் கதிரையை விட்டுவிட்டார். இடப்பக்கம் சரிந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்க வாசலில் நின்ற எனக்குக் கை எட்டவில்லை.

"கணேசா!"

பிள்ளையாரைக் கூப்பிட்டேனா, அவரைக் கூப்பிட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் என் பக்கம் திரும்பினார். இடக்காலை அகட்டி ஊன்றினார். நின்றார்.

"என்னையோ கூப்பிட்டனீர்?"

"ஓம்."

"இன்னொருக்காக் கூப்பிடும், பாப்பம்."

அன்றிலிருந்து நாள்தோறும் காலையும் மாலையும் நானே இடப்பக்கம் நின்று பெயர் சொன்னேன். முதலில் ஒவ்வொரு தரமும் அவரின் மூச்சைப் பார்ப்பேன், ஆயுள் குறைகிறதோ என்று. கார்த்திகையில் அவர் ஊன்றுபொல்லு இல்லாமல் கோயில் வீதி சுற்றினார். பிறகு ஒருநாள் வதனா வந்தபோது நான்தான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததும் கொஞ்சம் எரிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஐந்து வருடமாகிறது. அவர் நடக்கிறார். வீட்டில் நோயாளியோடு இருப்பவர்களே, மனம் சுத்தமாகட்டும், பிறகு கும்பிடலாம் என்று காத்திராதீர்கள். என்னைப்போல், மனம் இருந்தபடியே பிள்ளையாரிடம் போங்கள். அவர் கேட்கிறார்.