கல்யாணப் போட்டோ வரிசை

ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிறார் தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது. காரில் கை வைக்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை. மூடியில் பாலேடு மாதிரி வெளுத்த பசை. பின்னால் வெள்ளைப் புகை போனதை நேற்றே பார்த்தாகிவிட்டது. “கேஸ்கெட் போயிடுச்சு. தண்ணியும் ஆயிலும் ஒண்ணாயிடுச்சு” என்கிறார் மகனிடம், ‘துணி பத்தாது’ என்று வாடிக்கைக்காரரிடம் சொல்லும் அதே குரலில்.

மகனுக்கு இது வேண்டாத வேலை. அப்பா போன பிறகு கொட்டகையை அடைத்துக்கொண்டு நிற்கும் வண்டியைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடலாம் என்பது அவன் கட்சி. இழுபறிக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது: ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி புகையில்லாமல் ஓடினால் வீட்டில் இருக்கும், இல்லையென்றால் மறுநாள் இரும்புக்காரர் வருவார். அம்மா சொன்ன சொல் மாறமாட்டார், அதுதான் அவனுக்கு நிம்மதி.

கணவர் இருந்தவரை அந்த வண்டியை வெளி மெக்கானிக் யாரும் தொட்டதில்லை. அவர் பானட்டுக்குள் தலையை விட்டிருப்பார். இவர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, “மிதி” என்றால் மிதிப்பார், “விடு” என்றால் விடுவார். தூக்கிய பானட் மறைத்துக்கொள்வதால் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். பாதி வாழ்க்கை அப்படியே போயிற்று என்று இப்போதும் அலுத்துக்கொள்வார். அந்த அலுப்புக்காகத்தான் ஏங்குகிறார் என்பது கேட்பவர்களுக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் கணவர் ஸ்பானரை இவர் கையில் கொடுத்தாராம். இவர் நேர்தையல் போடுகிற பழக்கத்தில், ஒரு ஓரத்தில் ஆரம்பித்து இஞ்சின் மேல்மூடியின் போல்ட்டுகளை வரிசையாக முறுக்கிக்கொண்டே போயிருக்கிறார். “கல்யாணப் போட்டோவுல ஓரத்துல நிக்கறவங்களையா முதல்ல உக்கார வைப்பாங்க?” என்று கணவர் சிரித்த சிரிப்பில் அக்கம்பக்கமே எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து நடு போல்ட் இரண்டும் பெண், மாப்பிள்ளை. அவர்களை ஒட்டி நான்கு சம்பந்திகள். மூலைக்கு ஒரு சித்தப்பா.

இரண்டு நாளாக வேலை நடக்கிறது. கெட்டுப்போன ஆயிலை வடித்தாகிவிட்டது. இஞ்சின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும், அதன் அடியில் இருந்த பழைய கேஸ்கெட் தகட்டில் கருகிப்போன இடத்தை மகனுக்குக் காட்டினார்: “பார், இங்கதான் தையல் விட்டிருக்கு.” ஒட்டியிருந்த மிச்சத்தைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். துணி அளக்கும் இரும்பு ஸ்கேலை ஹெட்டின் மேல் நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கசியவில்லை; ஹெட் வளையவில்லை.

இப்போது புது கேஸ்கெட் உட்கார்ந்துவிட்டது. தையல்காரம்மா போல்ட்டுகளை மூன்று சுற்றாக முறுக்குகிறார். அதுவும் கணவர் சொன்ன கணக்குதான். “முதல்ல உக்கார வை. அப்புறம் நெருக்கி உக்கார வை. கடைசியா சிரிக்க வை” என்று முணுமுணுத்துக்கொள்கிறார். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் ‘டக்’கென்றால் அந்த ஆள் சிரித்துவிட்டதாக அர்த்தம். வலது மூலைச் சித்தப்பா மட்டும் எப்போதும்போல் முரண்டு பிடிக்கிறார். “இவருக்கு முதல் பந்தி கிடைக்கலைன்னு கோவம்” என்கிறார். மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறான்.

ஞாயிறு மாலை. ஆயிலும் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. தையல்காரம்மா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, மகனை முன்னால் போய் நிற்கச் சொல்கிறார். சாவியைத் திருப்புகிறார். இஞ்சின் இருமுகிறது, அடங்குகிறது, மறுபடி இருமிப் பிடித்துக்கொள்கிறது. மெல்லச் சூடேறுகிறது. மகன் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருகிறான்.

“புகை இல்லம்மா. வண்டி இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பானட்டுக்குள் குனிகிறான். முகம் மறைந்துவிட்டது. குரல் மட்டும் வருகிறது.

“மிதி.”

அப்பாவின் குரல் இவனுக்கு எப்போது வந்தது? தையல்காரம்மாவின் கால் பெடல் மேல் அப்படியே நிற்கிறது.

“கேக்கலையா? மிதி.”

இன்னொரு தரம் சொல்லட்டும் என்று, காலை மெல்லத் தூக்கிக்கொள்கிறார்.