கடல்வழியில் ஒரு பாதி அம்மி

உத்திரமேரூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கடலோடு பெரிய கொடுக்கல் வாங்கல் கிடையாது. நிலத்தகராறு என்றால் செங்கல்பட்டு, கல்யாணப் புடவை என்றால் காஞ்சிபுரம், அரிசி மில்லுக்கு வாலாஜாபாத். கடல் என்பது மாசிமகத்துக்கு வேன் பிடித்து மாமல்லபுரம் போய், முங்கி எழுந்து, மணல் கலந்த புளிச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்புகிற சமாச்சாரம். அப்படிப்பட்ட ஊரில், நாற்பதைத் தாண்டிய வயதில், கையில் உறை, தலையில் தொப்பி சகிதம் சைக்கிளில் கடலுக்குப் போய்வந்த ஒரே ஆள் தாண்டவராயன். ஊர் சிரிக்காமல் இருக்குமா?

"ஏரி நெறைய தண்ணி கீது. இவுரு உப்புத்தண்ணி பாக்கப் போறாரு" என்பார் எதிர்வீட்டு இருசப்பன்.

தாண்டவராயன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெடலை மிதிப்பார். அவருக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். அது போதாமல் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். ஒருநாள் கேட்டில் வைத்தே 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவர் நாலைந்து மாதம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வயலுக்குப் போவார், வருவார், அவ்வளவுதான்.

அவரை எழுப்பியது உளுந்துச்செடி என்றால் நம்ப முடியாது, ஆனால் அதுதான் உண்மை. எங்கள் பக்கம் களத்துமேடெல்லாம் வீடாகிவிட்டது. அறுத்த நெல் காய வேண்டுமே, தார்ரோட்டைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்? ரோட்டில் பாதியை நெல்லுக்கு எடுத்துக்கொள்வோம். லாரிக்காரன் மேலே ஏற்றிவிடக் கூடாது என்று ஓரத்தில் தலைப்பருமன் கற்களை வரிசையாக வைப்போம். உளுந்துக்கு நேர்மாறு. செடியோடு பிடுங்கி ரோடு முழுக்கப் பரப்பிவிடுவோம், பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி அடித்துக் கொடுக்கும். கூலி கேட்காத ஆள் அவை மட்டும்தானே.

அந்த உளுந்தின் மேல்தான் ஒரு காலை நேரம் சென்னை சைக்கிள்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் ஏறி மாட்டிக்கொண்டார்கள். செடி கியரில் சுற்றி, சங்கிலி இறுகி, முன்னால் வந்தவர் வண்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. தாண்டவராயன் மட்டும் அரிவாள் நுனியால் ஒவ்வொரு நாராக எடுத்துவிட்டார். வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சுகுமார், அந்தக் குழுவை நடத்துகிறவர், தாம்பரத்துக்காரர்.

"அடுத்த தபா வர்றதுக்கு மின்ன ஒரு போன் போடு சார். நான் ரோட்ட சரி பண்ணி வெக்கிறேன்" என்றார் தாண்டவராயன். பல மாதத்தில் அவர் வேற்று மனிதரிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

சுகுமார் போன் போட்டார். இரண்டாவது தடவை ஒரு கியர் சைக்கிளையும் கொடுத்துக் கூடவே வரச் சொன்னார். அப்புறம் பனிக்காலம் முழுக்க அதுவே வேலையாயிற்று.

அவர்கள் போகும் வழி இரண்டு நாள் வழி. முதல் நாள் மாமல்லபுரத்தில் கிளம்பி, கடலை இடது கையில் வைத்துக்கொண்டே தெற்கே போவார்கள். கொக்கிலமேட்டுப் பாறைகள், சதுரங்கப்பட்டினத்து இடிந்த கோட்டை, மீன்காரக் குப்பங்களைக் கடல் தின்னாமல் இருக்கக் கொட்டிய கருங்கல் குவியல்கள், கடைசியில் ஆலம்பரைக்கோட்டை. அங்கிருந்து உள்ளே திரும்பி மதுராந்தகத்தில் தங்கல். மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரைகளையும் வயல்களையும் பிடித்து உத்திரமேரூர், திருமுக்கூடல் என்று முடிப்பார்கள்.

தாண்டவராயன் எப்போதும் கடைசி ஆள். யார் நின்றாலும், யாருக்குப் பஞ்சர் ஆனாலும் கூட நிற்க வேண்டியவர். கடைசி ஆளாக இருப்பதில் ஒரு வசதி, நின்று பார்க்கலாம். வயலூர் பாலத்தில் நிற்பார். திருமுக்கூடலில் வெறும் மணலாகப் படுத்துக் கிடக்கிற பாலாறு அங்கே கடல் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரோடு கிடக்கும். 'இம்மாம் தூரம் வந்துட்டியா' என்று மனசுக்குள் அதனிடம் கேட்டுக்கொள்வார். பாறையில் அலை மோதுவதை எத்தனை முறை பார்த்தாலும் அவருக்குச் சலிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு உபயோகமும் இல்லாத ஒன்றை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷமாக இருந்தார். அதை வேறு எப்படிச் சொல்வது?

அவருடைய முக்கியமான வேலை முதல் நாள் சாயங்காலம். மறுநாள் வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் போன் போடுவார். யார் வீட்டு நெல் ரோட்டில் கிடக்கிறது, எந்தப் பக்கம் கிடக்கிறது, கல்லை எடுத்தாயிற்றா என்று கேட்டுத் தொல்லை பண்ணுவார். சாப்பிடும்போது சுகுமார் கேட்பார்: "ரோடு கிளீனாண்ணே?"

"கிளீன் சார்."

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் சுகுமார் மறுநாள் இருட்டுப் பிரியும்போதே முதல் ஆளாகப் பாய்ந்து போவார்.

போன தை மாதப் பயணத்துக்கு முன்னால் குழுவுக்குள் பேச்சு எழுந்தது. கடற்கரை மட்டும் போதும், இந்த நெல்லும் நாயும் மாட்டுவண்டியும் எதற்கு என்றது ஒரு பாதி. சுகுமார் ஒருவர்தான் பிடிவாதம் பிடித்தார்.

"இந்த ஒரு தடவை பிரச்சனை இல்லாம முடிச்சுக் காட்டிட்டா, இந்த ரூட் நிரந்தரம்ணே. ரெண்டு நாளும் நீங்கதான் லீடு. இல்லேன்னா கடற்கரையோட நிறுத்திடுவாங்க. அதுக்கு அங்கேயே ஆள் இருக்காங்க" என்று தாண்டவராயனிடம் உடைத்தே சொன்னார்.

தாண்டவராயன் இதைக் கனகாவிடம் சொன்னார். கனகா அவர் மனைவி, வயல் பாதி அவள் கையில்தான் நடக்கிறது. "நெரந்தரம்னா சரி. கடல நீயே வெச்சிக்கோ" என்று சிரித்தாள்.

அந்தப் பயணத்தின் முதல் நாள் சாயங்காலம் மதுராந்தகத்தில் உட்கார்ந்து தாண்டவராயன் எல்லா ஊருக்கும் போன் போட்டார். ஒன்று விடவில்லை. தன் ஊருக்கு மட்டும் போடவில்லை. தன் வீட்டுக்கு யாராவது போன் போட்டு ரோட்டைக் கேட்பார்களா? கனகாவுக்குத் தெரியாததா? ஊருக்குத்தான் உபதேசம் என்பது இப்படித்தான் ஆகிறது போலும். சாப்பிடும்போது சுகுமார் கேட்டதற்கு, வழக்கம்போல "கிளீன் சார்" என்றார்.

தை மழை நெய் மழை என்பார்கள். காயப்போட்ட நெல்லைக் கெடுக்க நெய்யளவு போதும். மதுராந்தகத்தில் ஒரு பொட்டு இல்லை, ஊரில் அன்று ராத்திரி பிடித்துக்கொண்டது. கனகா ஒற்றை ஆளாக நெல்லைக் கூட்டி, அள்ளி, தார்ப்பாயில் கட்டி உள்ளே இழுத்தாள். நெல் தப்பியது. கற்கள் ரோட்டிலேயே வரிசையாக நின்றன.

விடியலில் பனி பத்தடிக்கு மேல் காட்டவில்லை. கடைசி ஆளாக வந்த தாண்டவராயன் தன் வீட்டுச் சுவர் பக்கம் சைக்கிள்கள் கூட்டமாக நிற்பதைக் கண்டார். முதலில், நம் ஊர் பார்க்க நிற்கிறார்கள் என்றுதான் நினைத்தார். பெருமையாகக்கூட இருந்தது.

சுகுமார் வாய்க்காலில் கிடந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பி இருந்தது. கனகா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உதட்டை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் சைக்கிள், அதன் பக்கத்தில் உடைந்த அம்மியின் ஒரு பாதி. அது தாண்டவராயன் வீட்டு அம்மி. மிக்ஸி வந்த பிறகு நெல்லோரத்துக்குத்தான் உதவிக்கொண்டிருந்தது.

கனகா நிமிர்ந்து பார்த்தாள். "மய வந்துச்சிய்யா. நெல்ல வாரிக்கினு ஓடறதே பெரும்பாடாப் பூட்ச்சி. கல்ல மறந்துட்டேன்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவரால் திட்டவாவது முடிந்திருக்கும்.

ஆம்புலன்ஸ் வந்தது. அது போவதற்குள் ஊர் எல்லாக் கற்களையும் எடுத்து மறைத்துவிட்டது. யார் வீட்டுக் கல் என்று சென்னைக்காரர்கள் கேட்டபோது, "ரோட்ல எவ்ளோ கல்லு கீது, யாருதுன்னு சொல்றது?" என்றார் இருசப்பன். அத்தனை நாள் கிண்டல் செய்த மனுஷன், அன்றைக்குத் தாண்டவராயனுக்காக வாய் கூசாமல் பொய் சொன்னார். ஊரே சொன்னது. தாண்டவராயன் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு தாம்பரம் போனார். சுகுமார் கட்டிலில் இருந்தார். இடுப்பில் தகடு வைத்திருந்தார்கள். நடக்கலாம், இனி சைக்கிள் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"சார், அது எங்க வூட்டு கல்லு" என்றார் தாண்டவராயன். பஸ்ஸில் வரும்போது நிறையச் சொல்ல நினைத்திருந்தார். அவ்வளவுதான் வந்தது.

"தெரியும்ணே. விழுந்த உடனே யாரோ போட்டோ எடுத்திருந்தாங்க. அம்மி, உங்க வீட்டுச் சுவர், எல்லாம் அதுல இருக்கு. நான்தான் யாருக்கும் காட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"திட்டிடு சார்."

சுகுமார் ஜன்னல் பக்கம் பார்த்தார். "திட்டி என்னண்ணே ஆகப்போகுது. ரூட்ட எடுத்துட்டாங்க. வெறும் கடற்கரைதான் இனிமே. நான் கேட்டுப் பார்த்தேன். கட்டில்ல படுத்துக்கிட்டுக் கேக்கறவன் பேச்ச யாரு கேப்பா?"

கொய்யாப்பழப் பையைக் கட்டிலோரம் நகர்த்திவிட்டு அவரே சொன்னார்: "கிளீன்னு சொன்னீங்களேண்ணே."

அதில் கோபம் இல்லை. தாண்டவராயன் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். கடல் பக்கம் போகிற பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அவர் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினார்.

மறுவாரம் குழுவின் டெம்போ வந்து கியர் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனது. அதைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுத்தான் கொடுத்தார். பழையபடி பேச்சு நின்றுபோயிற்று. கனகா ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவார். அவளும் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

சித்திரையில் நவரைப் பயிர் அறுவடை. கனகா ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காலால் துழாவிப் பரப்பினாள். தாண்டவராயன் புளியமரத்தடியில் மறைத்து வைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார். நாலைந்துக்குப் பிறகு பாதி அம்மி வந்தது.

கனகா கையை நிறுத்தினாள். "அது வாணாய்யா. கெணத்துல போட்டுடு."

"கல்லு இன்னா பண்ச்சி" என்றார்.

எதிர்வீட்டிலிருந்து இருசப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டல் செய்ய வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, உள்ளே போய்விட்டார். தாண்டவராயன் அம்மியை அது எப்போதும் இருக்கும் இடத்தில், ரோட்டு வளைவு முடிகிற முனையில், வாட்டம் பார்த்து வைத்தார். நெல் காய்ந்து அள்ளிய பிறகும் அதை எடுக்கச் சொல்ல யாரும் போன் போட மாட்டார்கள். அவர் இன்னொரு கல் எடுத்துவரப் புளியமரத்தடிக்குப் போனார்.