குரங்குக்காக நின்ற வேலை

அவரை எல்லோரும் முட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கூரை இறங்காதபடி மரத்தூண்களை முட்டுக்கொடுத்து நிறுத்துவது அவர் வேலை. தூணைச் சுத்தியலால் தட்டி, அந்தச் சத்தத்தை வைத்தே மேலே பாரம் ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

அவர் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாளில் கூரை சரிந்து அவருடைய தம்பி உள்ளே புதைந்துபோனான். நிர்வாகம் இரண்டு நாள் தேடியது. மூன்றாம் நாள் அந்தப் பாதையையே சுவர் வைத்து அடைத்துவிட்டது. தம்பி மனைவி தினமும் ஷிப்டு முடியும் நேரத்தில் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தாள். முதலில் விரட்டிய காவலாளி பிறகு உட்கார ஸ்டூல் போட்டுக் கொடுத்தான்.

நான்கு வருஷம் கழித்து, வேறொரு பாதையில் தூண் நிறுத்தும்போது முட்டுக்காரர் கண்ணில் ஒரு பல்வரிசை பட்டது. மனிதன் என்றே நினைத்து ஆளைக் கூப்பிட்டார். வந்து பார்த்த தொல்லுயிர் ஆய்வாளர் அம்மாவோ, எண்பது லட்சம் வருஷத்துக்கு முன் சதுப்புக் காட்டில் வாழ்ந்து பூண்டோடு அழிந்துபோன வாலில்லாக் குரங்கு என்றார். அதற்காக இருபத்தாறு நாள் அங்கே கரி வெட்டுவது நின்றது. நாலு பேர் ஊசியும் தூரிகையுமாகச் சுரண்டினார்கள். அவர்கள் தலைக்கு மேல் முட்டுக்கொடுத்தது இவர்தான்.

ஒருநாள் அடக்க முடியாமல் கேட்டுவிட்டார். "குரங்குக்கே இவ்வளவு பதமா தோண்டுறீங்க. என் தம்பி அந்தச் சுவருக்குப் பின்னால கிடக்கிறான். ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கம்மா."

அந்த அம்மா எழுதியே கொடுத்தார். அங்கே கை வைத்தால் இன்னும் நாலு உயிர் போகும் என்று மேலாளர் மறுத்துவிட்டார். முட்டுக்காரர் சுவர் வரை போய்ப் பக்கத்துத் தூண்களைத் தட்டிப் பார்த்தார். மேலாளர் சொன்னது பொய்யில்லை. அதுதான் அவரை அதிகம் அறுத்தது.

கடைசி நாள், எலும்புகளைக் கரியோடு சேர்த்து மாவுக்கட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் வைத்துத் துணி மூடி மேலே கொண்டுவந்தார்கள். முன்பக்கம் பிடித்திருந்தவர் முட்டுக்காரர். தம்பி மனைவி ஓடிவந்து துணியைப் பற்றிக்கொண்டாள்.

"கொண்டு வந்துட்டீங்களா மாமா?"

"அவன் இல்லம்மா. இது ஏதோ குரங்கு."

அவள் துணியை விலக்கி அந்த வெள்ளை மாவுக்கட்டையே பார்த்தாள். பிறகு மறுபடி மூடினாள்.

"அப்ப அவரை எடுக்கவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க. எடுக்கவும் முடியாது. நானே போய்ப் பார்த்துட்டேன்."

நான்கு வருஷத்தில் யாரும் அவளிடம் இதை முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. மறுநாள் அவள் வரவில்லை. அந்த மாதமே மகளை அழைத்துக்கொண்டு தன் அக்கா ஊருக்குப் போய்விட்டாள். முட்டுக்காரர் இன்னும் ஒன்பது வருஷம் அதே சுரங்கத்தில் வேலை பார்த்தார். அவளிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. இவரும் எதிர்பார்க்கவில்லை.