மூன்று ஓட்டைக் கட்டைகள்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பல் செய்கிற தொழில். பல் டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி யாராவது நினைத்தால் அவரும் திருத்த மாட்டார். டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் பின்னறையில் உட்கார்ந்து செட் செய்து கொடுப்பார். நாற்பது வருஷமாக இதே வேலை. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது இவர் செய்த பல்லால்தான். இவர் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அடுத்தவன் தப்புச் செய்யும்போது மட்டும்.

பொழுதுபோக்குக்குக் கப்பல் கட்டுவார். பழைய காலத்துப் பாய்மரக் கப்பலை இரண்டு முழ நீளத்துக்குச் சிறிதாக்கி, பலகையை ஆவியில் காட்டி வளைத்து, நூலுக்கு மெழுகு தடவிக் கயிறாக்கி, ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டு. பல் சுரண்டும் ஊசியும் இடுக்கியும் நாளெல்லாம் பிடித்த கை, அப்படி ஒரு சுத்தம். வயிறு எரிந்தாலும் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நாங்கள் பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்து மாடியில் கூடுவோம். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவரும் அத்தான்தான். முதல் வருஷமே சின்னதாக ஒரு படகு கட்டி மேஜையில் வைத்தேன். அத்தான் பூதக்கண்ணாடியை எடுத்தார். எல்லார் எதிரிலும் விரல் விட்டு எண்ணி இருபத்து மூன்று தப்புச் சொன்னார்.

"மாப்ளே, இதுல ஒண்ணே ஒண்ணுதான் சரியா இருக்கு. இந்தத் தூசி. நிஜமான தூசி."

அத்தனை பேரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் படகைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

என்னையாவது விடுங்கள், மச்சினன், கேலி செய்துவிட்டுப் போகட்டும். ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருந்தார். கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று வருஷமும் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு போர்க்கப்பல் கட்டியவர். கணவர் இறந்த மாதமே, பாய்மரம் நடும் வேலையும் கயிறு கட்டும் வேலையும் பாக்கி இருக்கும்போதே அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு பேர் நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்திருப்பார், பாவம். அத்தான் பீரங்கி ஜன்னல் மூடிகளைப் பார்த்தார்.

"எல்லாம் பக்கவாட்டுல திறக்குதே? மேல தூக்கித் திறக்கணும்மா. மூணு வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க, தூங்கினீங்களா?"

நர்ஸம்மா அழவில்லை. கப்பலைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். அதற்கப்புறம் அதில் ஒரு நூல்கூடக் கட்டவில்லை. ஆனால் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வந்தார், கையில் புத்தகத்தோடு.

அத்தானுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. துறைமுக அலுவலகத்தின் முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. அதில் ஒரு கப்பல்தான் நிற்கும். வருஷா வருஷம் எங்கள் கண்காட்சிக்கு அங்கிருந்து ஒரு அதிகாரி வருவார், தகுதியான கப்பல் ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பெட்டிக்காகவே அத்தான் மூன்று பாய்மரம் வைத்த பெரிய கப்பலை ஆரம்பித்தார். பிள்ளை இல்லாத மனிதர்.

"நான் செஞ்ச பல்லெல்லாம் எவன் எவன் வாயிலயோ இருக்கு. அவன் போனா அதுவும் போச்சு. இதுவாவது நிக்கணும்டா, என் பேரோட" என்று ஒரு தடவை சொன்னார். அவர் மனம் திறந்து பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஐந்தாவது வருஷம் அந்தத் தப்பு நடந்தது. பாய்மரம் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் தடித்த கயிறுகள் இழுத்துப் பிடிக்கும். ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் மிளகு அளவுக்கு ஒரு வட்டக் கட்டை, நேர் கீழே கப்பலின் விளிம்பில் அதற்கு ஜோடியாக இன்னொன்று. இரண்டிலும் மும்மூன்று ஓட்டை. அவற்றில் மெல்லிய நூலைக் கோத்து இழுத்துக் கட்ட வேண்டும். கீழ்க் கட்டையில் மேலே இரண்டு ஓட்டை, கீழே ஒன்று. மேல் கட்டையில் அப்படியே தலைகீழ்: மேலே ஒன்று, கீழே இரண்டு. அத்தான் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துக் கட்டிவிட்டார். வரைபடத்தில் அந்த மூலை மங்கலாக இருந்திருக்கிறது. யாரையாவது கேட்டிருக்கலாம், ஆனால் இவர் யாரைக் கேட்பார்? எங்கள் சின்னப் படகுகளில் அந்தக் கட்டைகளே கிடையாது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும் என்று தெரிந்த மனிதர் இதில் கோட்டை விட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கண்டுபிடித்தவர் நர்ஸம்மா. அத்தான் கப்பலைக் காட்டிவிட்டுப் போனதும் மாடிப்படியில் எங்களை நிறுத்தி, புத்தகத்தைப் பிரித்துப் படத்தைக் காட்டினார்.

"யாரும் வாயைத் திறக்காதீங்க. கட்டட்டும். முழுசாக் கட்டி முடிக்கட்டும்."

பதினோரு பேர். ஆறு வருஷம். ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. அந்தக் கயிறுகளின் மேல்தான் கயிற்று ஏணிகள் வரும், குறுக்குச் சட்டங்கள் வரும், பாய் வரும். ஒவ்வொன்றாக ஏற ஏற, "ஆஹா, பிரமாதம்" என்று நாங்கள் ஏற்றிவிட்டோம். அவர் பூரித்துப் போய் இன்னும் நாலு பேரின் கப்பலில் தப்புக் கண்டுபிடித்தார்.

ஒன்பதாவது வருஷம் அக்கா என்னைக் கூப்பிட்டு அழுதாள். அத்தானுக்குக் கண்ணில் அழுத்தம். குழாய் வழியாகப் பார்ப்பது போல் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறதாம். மூன்று வருஷம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அப்போது சொல்லியிருந்தால் பிரித்துக் கட்டக் கண்ணும் இருந்தது, காலமும் இருந்தது. சொல்லத்தான் போனேன்.

"அத்தான், ஒரு விஷயம் சொல்லணும்."

"லிஃப்ட்டைப் பத்தின்னா சொல்லு. கப்பலைப் பத்தின்னா வாயை மூடிக்கிட்டுப் போ" என்றார், தலையைக்கூடத் தூக்காமல்.

மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒரு சுடுசொல்லுக்காக என்று சொன்னால் அது பச்சைப் பொய். படியேறும்போதே சொல்லக் கூடாது என்று எனக்கு உள்ளே ஆசை. அவர் ஒரு சாக்குக் கொடுத்தார், எடுத்துக்கொண்டேன்.

பதினோராம் வருஷம் கப்பல் முடிந்தது. கண்காட்சிக்கு அத்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்திருந்தாள். அந்த வருஷம் துறைமுகத்திலிருந்து வந்தவர் ஒரு பெண் அதிகாரி. கப்பலைச் சுற்றி வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"வேலை ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா மேல் கட்டைங்க எல்லாமே தலைகீழா இருக்கே. இதை நான் வைக்க முடியாது. கப்பல்ல வேலை பார்த்தவங்க தினம் வந்து போற இடம், சிரிப்பாங்க. உங்க சங்கத்துல ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

அத்தான் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கப்பலை விட்டுவிட்டு எங்கள் முகங்களைத் தேடினார். ஒவ்வொரு முகத்துக்கும் தலையைத் திருப்பித் திருப்பித்தான் அவரால் பார்க்க முடிந்தது.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு ஆறு வருஷமாத் தெரியும். நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க, தூங்கினீங்களா?" என்றார் நர்ஸம்மா.

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அக்கா அத்தனை பேரையும் திட்டித் தீர்த்தாள். மனுஷங்களா நீங்க என்று கேட்டாள். அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு?"

"சத்தியமாத் தெரியாது அத்தான்."

"உனக்கு எங்கடா தெரியப்போவுது, மக்கு" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் சொந்த அக்கா என்னை நன்றியோடு பார்த்தாள். சீ என்று இருந்தது எனக்கு, ஆனாலும் நின்றேன்.

அடுத்த வாரமே கயிறுகளை அறுத்தார். ஏணி, சட்டம், பாய் எல்லாவற்றையும் இறக்கிப் பத்திரமாக வைத்துவிட்டுக் கயிறுகளை முதலிலிருந்து ஆரம்பித்தார். திருத்திக் கொண்டுவந்தால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அந்த அதிகாரி பெரிய மனசு பண்ணிச் சொல்லியிருந்தார். புதுக் கயிறு முறுக்கி முடிப்பதற்குள் பார்வை போய்விட்டது. வெளிச்சம் மட்டும் தெரியும் என்றார். முடிச்சுக்குக் கண் தேவையில்லை, அவர் விரலுக்கு அது தெரியும். ஆனால் மிளகளவு கட்டையில் ஓட்டை மேலே ஒன்றா இரண்டா என்று தடவிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் அக்கா என்னை வரச் சொன்னாள். தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருவேன்.

"நீ மட்டும்தான்டா எங்கிட்ட எதையும் மறைக்காதவன். நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார் ஒரு நாள். இருபது வருஷத்தில் முதல் நல்ல வார்த்தை. உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பதினெட்டு மேல் கட்டைகள் ஒழுங்காகத்தான் முடிந்தன. பத்தொன்பதாவதை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, "இது மட்டும் அந்தப் பெட்டிக்குள்ள போகட்டும், அப்புறம் பாரு. அந்த நர்ஸு கப்பலை இந்த விரலாலேயே தடவித் தடவிக் குத்தம் சொல்லுவேன். இன்னொரு தடவை அவ அந்த மாடிப்படி ஏறக் கூடாது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அதே சிரிப்பு. "சரி, பாரு. மேல ஒண்ணா, ரெண்டா?"

குனிந்து பார்த்தேன். இரண்டு.

"ஒண்ணுதான் அத்தான். கட்டுங்க."

கட்டினார். இழுத்து இறுக்கி, நுனியை நறுக்கி, அடுத்த கட்டைக்குக் கையை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். இதுவரை ஐம்பத்தோரு கட்டைகள் முடிந்திருக்கின்றன. எது சரி, எது தப்பு என்று இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். கண்காட்சிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. புதுச் சட்டை எடுத்தாயிற்று என்று நேற்று அக்கா சொன்னாள்.